தவக்கோலத்தில் ஓர் அவசரம்

உடலை வருத்துவது மனிதரை உயர்த்துமா என்னும் கேள்வி இந்தியச் சமயங்கள் அனைத்திலும் மிகப் பழமையானது; சமணரும் பௌத்தரும் சைவரும் வைணவரும் அதற்குத் தந்த விடைகள் பலவிடங்களில் முரண்பட்டும் சிலவிடங்களில் உடன்பட்டும் நிற்கின்றன. அக்கேள்வி இன்று மடங்களையும் பள்ளிகளையும் விட்டு உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் கைப்பேசித் திரைகளுக்கும் குடிபெயர்ந்திருக்கிறது. திருமணத்துக்கு நாள் குறித்த பின் ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைத்தாக வேண்டும் என்று முனைவோரும், மருத்துவர் எச்சரித்த அச்சத்தில் வயிற்றைக் காயப்போடுவோரும் ‘கிராஷ் டயட்’ எனப்படும் கடும் பட்டினி முறையை நாடுகின்றனர். ஒருவரது அன்றாடத் தேவையில் பாதிக்கும் கீழாக, சில முறைகளில் நாளொன்றுக்கு 800 கிலோகலோரிக்கும் குறைவாக, உணவைச் சுருக்கிச் சில வாரங்களில் எடையை இறக்கிவிட முயலும் முறைகளுக்கு இது பொதுப்பெயர். முதல் நாள் பழம் மட்டும், மறுநாள் காய்கறி மட்டும், நான்காம் நாள் வாழைப்பழமும் பாலும் என்று வகுத்த ஏழு நாள் அட்டவணையும், நாள் முழுவதும் சாறு மட்டுமே பருகும் முறையும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இம்முறைகளைப் பற்றிப் பேசுவோர் கையாளும் சொற்கள் பெரும்பாலும் சமயத்திடமிருந்து கடன் வாங்கியவை. கட்டுப்பாடு, வைராக்கியம், சுத்திகரிப்பு, நச்சு நீக்கம் என்று அவர்கள் பேசுகின்றனர். அட்டவணையை மீறி ஒரு துண்டு இனிப்பை உண்டவர் அதைப் பாவமென்றே கருதி மறுநாள் அதற்குக் கழுவாயாக மேலும் பட்டினி கிடக்கிறார். ஆகவே, நோன்பின் மொழியைப் பேசும் ஒன்றை நோன்பின் அளவுகோலாலேயே அளந்து பார்ப்பது முறையாகும். அவ்வாறு அளக்கும்போது, கிராஷ் டயட்டின் குறை துறவு மிகுந்துபோனதில் இல்லை என்பதும், அதில் துறவு என்பதே இல்லாமல் விரைந்த பலனின் மீதான வேட்கை மட்டும் தவக்கோலம் பூண்டு நிற்கிறது என்பதும் புலப்படும்.

முதலில் உடலுக்குள் நிகழ்வதைக் காண வேண்டும். உணவு திடீரெனக் குறைந்ததும் உடல் முதலில் கை வைப்பது, கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைத்துள்ள கிளைகோஜன் என்னும் மாவுப்பொருளின் மீது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருப்பதால், அது கரையும்போது நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் எடைக்கருவி காட்டும் இரண்டு மூன்று கிலோ இழப்பில் பெரும்பகுதி இந்த நீரேயன்றிக் கொழுப்பு அன்று. தொடர்ந்து கொழுப்பு கரைகிறது. புரதம் போதாதபோது தசையும் உடன் கரைகிறது. வரவு குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவது போல, உடலும் ஓய்வுநிலையில் செலவிடும் ஆற்றலைக் குறைத்துக்கொள்கிறது. கை கால் குளிர்கின்றன, நாடித்துடிப்பு தளர்கிறது, பெண்களுக்கு மாதவிடாய் தடைப்படலாம். கொழுப்பு வேகமாகக் கரையும்போது கல்லீரல் பித்தநீரில் கூடுதல் கொலஸ்ட்ராலைக் கலக்கிறது. உணவில் கொழுப்பு இல்லாமையால் பித்தப்பை சுருங்கி விரியும் வாய்ப்பும் குறைகிறது. இவ்விரண்டும் சேர்ந்து பித்தப்பைக் கற்களுக்கு வழி வகுக்கின்றன. இரண்டு மூன்று மாதங்கள் கழிந்தபின் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்வதும் இதன் தொடர்ச்சியே.

இவற்றினும் கொடியது இதயத்துக்கு நேரும் இடர். 1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் லின் என்னும் மருத்துவர் ‘லாஸ்ட் சான்ஸ் டயட்’, அதாவது கடைசி வாய்ப்பு உணவுமுறை, என்ற பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். விலங்குகளின் தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து பிரித்த தரங்குறைந்த புரதத்தைத் திரவமாக்கிப் பருகி, வேறு உணவைத் தவிர்ப்பதே அம்முறை. இத்தகைய திரவப் புரதத்தை நம்பி வாழ்ந்தோரிடையே ஏறத்தாழ 60 இறப்புகள் அடுத்த இரண்டோர் ஆண்டுகளுக்குள் அரசின் கவனத்துக்கு வந்தன. ஆராயப்பட்டவர்களுள் பலர் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்து இறந்திருந்தனர். பிணக்கூறாய்வில் அவர்களது இதயத்தசை மெலிந்திருந்தது தெரியவந்தது. எந்தத் தசை கரைய வேண்டும், எது எஞ்ச வேண்டும் என்று பட்டினி கிடப்பவர் உடலுக்குக் கட்டளையிட முடியாது என்பதே இந்நிகழ்வின் பாடம். அந்நூலின் தலைப்பும் கருதத்தக்கது: ‘கடைசி வாய்ப்பு’ என்பது உய்வை வாக்களிப்போர் பேசும் மொழி, அதை நம்பி வந்தவர்கள் அழகை மட்டுமன்றி மீட்பையும் அதில் தேடினர் என்று கொள்ள இடமுண்டு.

பட்டினி உடலோடு நில்லாமல் உள்ளத்தையும் எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஐயமற நிறுவியது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 1944 நவம்பரில் தொடங்கிய சோதனை. இதற்குத் தம்மை ஒப்படைத்த 36 இளைஞர்களும் மனச்சான்றின் பொருட்டுப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். குவேக்கர், மென்னோனைட், பிரதரன் முதலிய அமைதிச் சபைகளைச் சேர்ந்தோர் அவர்களுள் பலர். போரால் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களுக்கு எவ்வாறு மீண்டும் உணவூட்டுவது என்பதை உலகம் அறிய வேண்டும் என்பதற்காகவே அவர்கள் பசியை ஏற்றனர். நோக்கத்தில் இதைவிடத் தூய நோன்பைக் காண்பது அரிது. 24 வாரங்கள் நாளொன்றுக்குச் சராசரி 1,570 கிலோகலோரி அளவிலான உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி ஆகியவற்றை உண்டு வாழ்ந்த அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். இன்றைய கிராஷ் டயட்டுகள் விதிக்கும் அளவைக் காட்டிலும் இது மிகுதியான உணவு என்பது நோக்கத்தக்கது. ஆயினும் தட்டை நக்குவது, சமையல் குறிப்பு நூல்களைச் சேகரித்து மணிக்கணக்கில் படிப்பது, ஒரு வேளை உணவை நீரில் கலந்து நீட்டி நீட்டி உண்பது, சிறு சொல்லுக்கும் சினந்தெழுவது, நண்பரையும் நூலையும் காதலையும் மறந்து தமக்குள் ஒடுங்குவது என்று அவர்கள் மாறிப்போயினர். உணவு மீண்டும் கிடைத்தபோது பலர் அடங்காத பசியோடு உண்டனர். இழந்த தசையை விட விரைவாகக் கொழுப்பு சேர்ந்தது. 1950இல் இரு தொகுதிகளாக வெளிவந்த இச்சோதனையின் அறிக்கை, பசியைத் தாங்குவது மன உறுதியை மட்டும் பொறுத்தது என்னும் எண்ணத்தைத் தகர்த்தது. மன உறுதிக்குக் குறைவில்லாத இவர்களையே பசி முழுமையாக ஆட்கொண்டது.

இதே உண்மையை வேறொரு தளத்தில் நின்று முன்னரே கண்டவர் இராமலிங்க அடிகள். 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிய அவர், ‘சீவகாருண்ய ஒழுக்கம்’ என்னும் தம் உரைநடை நூலில், பசி மிகும்போது மனித உடலில் நிகழ்வதை ஒரு மருத்துவரைப் போல உறுப்பு உறுப்பாக விவரிக்கிறார்: கண் குழிகிறது, செவி மந்தமாகிறது, நா வறள்கிறது, கை கால் துவள்கின்றன, பேச்சுக் குழறுகிறது. அவரது கருத்தின் உயிர்நாடி இவ்வுறுப்புகளுக்கும் அப்பால் உள்ளது: பசி மிகுந்தபோது அறிவு மங்குகிறது, அறிவு மங்கும்போது ஆன்ம விளக்கமும் அதனுள் நின்ற கடவுள் விளக்கமும் மறைகின்றன. பசியால் தெளிவு பிறக்கும் என்று நம்புவோர்க்கு இது நேர் மறுப்பு. ஒரு வேளையோ ஒரு நாளோ உண்ணாதிருந்தால் உடல் இலேசாகி மனம் குவியலாம். பட்டினி நீடித்து உடல் தன்னையே தின்னத் தொடங்கிய பின் மனத்துக்கு உணவைத் தவிர வேறு தியானப்பொருள் இராது. மினசோட்டா இளைஞர்கள் சமையல் நூல்களைப் படித்துக் கிடந்தது இதற்குச் சான்று.

தன் உடலிலேயே இச்சோதனையைச் செய்து முடிவு கண்டவர் புத்தர். ஞானம் பெறுவதற்கு முன் அவர் மேற்கொண்ட உண்ணா நோன்பைப் பாலி மொழியிலுள்ள மச்சிம நிகாயம் அவரது வாய்மொழியாகவே விவரிக்கிறது. கையளவு பயற்றுச் சாற்றில் வாழ்ந்த அவர் வயிற்றுத் தோலைத் தொட்டால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. உடலைத் தடவினால் வேர் அழுகிய மயிர்கள் உதிர்ந்தன. இன்றைய தோல் மருத்துவர் பட்டினியின் விளைவென்று கூறும் முடியுதிர்வை இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள நூல் இவ்வளவு நுணுக்கமாகப் பதிந்திருப்பது வியப்புக்குரியது. இத்தனைக்கும் பின் ஞானம் கிட்டாமையால், சிறுவயதில் நாவல் மர நிழலில் தானாக வாய்த்த அமைதியான தியான நிலையை நினைவுகூர்ந்து, இவ்வளவு மெலிந்த உடலால் அந்நிலையை எய்த இயலாது என்றுணர்ந்து அவர் சோறு உண்டார். உடனிருந்த ஐந்து துறவியரும் அவர் சுகபோகத்தில் விழுந்துவிட்டதாகக் கருதி விலகிச் சென்றனர். பின்னர் அந்த ஐவருக்கே அவர் முதல் உபதேசமாக, இன்பத்தில் மூழ்கும் நெறி, தன்னைத் தானே வருத்தும் நெறி ஆகிய இரு கோடிகளையும் விலக்கிய நடுவழியைப் போதித்தார். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று தோன்றினும், மிகையாக உண்பவரும் அறவே உண்ணாதவரும் நாள் முழுவதும் உணவையே எண்ணிக் கிடப்பதில் ஒத்திருக்கின்றனர்.

உடல் பருத்தவருக்குப் புத்தர் என்ன கூறினார் என்பதற்கும் சம்யுத்த நிகாயத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. துரோணம் என்னும் பெரிய அளவையால் அளந்த அரிசிச் சோற்றை உண்ணும் வழக்கமுடைய கோசல மன்னன் பசேனதி, ஒரு நாள் உண்டபின் மூச்சு வாங்க அவரிடம் வந்தான். புத்தர் அவனைப் பழிக்கவில்லை, பட்டினி கிடக்கச் சொல்லவுமில்லை. விழிப்போடிருந்து கிடைத்த உணவில் அளவறிந்து உண்பவரின் உடல்துன்பம் குறையும், முதுமை மெல்ல வரும் என்னும் பொருளுடைய ஒரு பாட்டைக் கூறினார். மன்னன் பின்னே நின்ற சுதர்சனன் என்னும் இளைஞன் அதை மனனம் செய்து ஒவ்வொரு முறை உணவு பரிமாறும்போதும் சொல்ல வேண்டும் என்றும், அதற்கு நாள்தோறும் நூறு காசு பெறுவான் என்றும் ஏற்பாடாயிற்று. மன்னன் படிப்படியாகக் குறைத்து ஒரு நாழி அரிசிச் சோற்றளவுக்கு வந்து சேர்ந்தான். உடல் இளைத்தபின் தன் கைகளைத் தடவியபடியே புத்தரின் கருணையை வியந்தான். உணவை நிறுத்தாமல் உண்ணும் வேளையில் விழிப்பை ஊட்டியதும், குறைப்பை மெல்ல நிகழ்த்தியதும், நினைவூட்ட மற்றொருவரை அருகில் நிறுத்தியதும் இவ்வுபாயத்தின் மூன்று கூறுகள். கிராஷ் டயட்டில் இம்மூன்றுமே இல்லை.

பகவத் கீதையும் இதே முடிவுக்கு வேறு வழியில் வருகிறது. மிகுதியாக உண்பவனுக்கும் முற்றிலும் உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. பதினேழாம் அத்தியாயம் மேலும் கடுமையாக, நூல்கள் விதிக்காத கோரத் தவத்தை ஆடம்பரத்தாலும் அகந்தையாலும் ஆசையின் வேகத்தாலும் செய்வோர் உடலையும் அதனுள் உறையும் இறைவனையும் சேர்த்தே வருத்துகின்றனர் என்றும், அவர்களது உறுதி அசுரத் தன்மையுடையது என்றும் தீர்ப்பளிக்கிறது. இங்குக் கண்டனத்துக்குள்ளாவது கடுமை மட்டுமன்று, அக்கடுமையை இயக்கும் ஆசையும் ஆகும். உள்ளே உந்துவது விருப்பமும் செருக்கும் எனின், வெளியே தோன்றும் வைராக்கியம் எவ்வளவு உறுதியானதாயினும் அது தவமாகாது.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். உண்ணாதிருந்து உயிர்விடுவதையே உயர்ந்த அறமாகப் போற்றிய மரபு தமிழகத்தில் இருந்ததன்றோ? கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்துறந்ததைப் புறநானூறு போற்றுகிறது. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றுக் கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்டதைப் பதிந்துள்ளது. அங்ஙனமாயின் கடும் பட்டினியைத் தவமென்று கொள்வதில் தவறென்ன? இத்தடைக்குச் சமண நூல்களே விடை தருகின்றன. சல்லேகனை எனப்படும் அந்நோன்பைத் தீராத நோய், தளர்ந்த முதுமை, விலக்க இயலாத பஞ்சம் அல்லது இடையூறு ஆகிய நிலைகளில் மட்டுமே ஏற்கலாம் என்று சமந்தபத்திரரின் இரத்தின கரண்டகம் வரையறுக்கிறது. உணவை ஒரேயடியாக விடாமல் முதலில் திட உணவையும் பின் பால் மோர் போன்றவற்றையும் இறுதியில் வெந்நீரையும் படிப்படியாக விடச் சொல்கிறது. வாழ வேண்டும் என்னும் ஆசையும் விரைவில் இறக்க வேண்டும் என்னும் ஆசையும் நோன்பின் பயனாக ஒன்றைப் பெற வேண்டும் என்னும் ஆசையும் அதைக் கெடுக்கும் குற்றங்கள் என்று தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. சல்லேகனையை இக்காலத்தில் ஏற்பதா மறுப்பதா என்பது தனி விவாதம்; ஆனால் குறித்த நாளுக்குள் குறித்த எடையைப் பெறுவதற்காகக் கிடக்கும் பட்டினிக்கு அதனிடம் சான்று தேட முடியாது, ஏனெனில் அப்பட்டினியின் முழு நோக்கமும் அங்குக் குற்றம் என்றே எண்ணப்படுகிறது.

ஏனைய மரபுகளின் நோன்பு விதிகளும் கடுமைக்குக் கரை கட்டியவையே. இரமலான் நோன்பிலிருந்து நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆன் விலக்களிக்கிறது. விடியலுக்கு முன் சஹர் உணவை உண்ணுமாறு நபிகள் நாயகம் ஊக்குவித்தார், இரவிலும் உண்ணாமல் நோன்பைத் தொடர்வதைத் தம் தோழர்களுக்குத் தடுத்தார். ஏகாதசி விரதத்துக்கு மறுநாள் பாரணை, அதாவது முறைப்படி உணவு கொண்டு விரதத்தை முடித்தல், விரதத்தைப் போலவே கட்டாயமானது. துருவாச முனிவர் நீராடச் சென்று திரும்பாத நிலையில், துவாதசி கழிவதற்குள் அம்பரீட மன்னன் நீரருந்தியாவது விரதத்தை முடித்த பாகவதக் கதை இவ்விதியின் வலிமையைக் காட்டுவது. நோன்பு துறக்கும் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும், துவாதசியின் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும், நோன்பை எப்படித் தொடங்குவது என்பதற்கு நிகராக எப்படி முடிப்பது என்பதையும் மரபு சிந்தித்ததன் அடையாளங்கள். நெடுநாள் பட்டினிக்குப் பின் ஒரேயடியாக நிறைய உண்டால், இன்சுலின் சுரந்து இரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை உயிரணுக்களுக்குள் விரைந்து புக, இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்து இதயமும் மூச்சும் தடுமாறும். இரண்டாம் உலகப்போரின் முடிவில் விடுவிக்கப்பட்ட சிறைக்கைதிகளிடம் மருத்துவர்கள் கண்டறிந்த இந்நிலை ‘மீளுணவு நோய்க்குறித்தொகை’ எனப்படும். இன்றைய அட்டவணைகள் பெரும்பாலும் ஏழாம் நாளோடு முடிந்துவிடுகின்றன. எட்டாம் நாள் என்ன செய்வது என்பதற்கு அவற்றில் விதியில்லை.

கிறித்தவ மரபு மற்றோர் எச்சரிக்கையைத் தருகிறது. நோன்பிருப்பவர் முகத்தை வாடவிட்டுப் பிறர் காண நடிக்கலாகாது, முகம் கழுவி எண்ணெய் பூசி அதை மறைக்க வேண்டும் என்பது மத்தேயு நற்செய்தியில் இயேசுவின் போதனை. உடலின் மெலிவையே நாள்தோறும் படமெடுத்துக் காட்டும் இன்றைய வழக்கம் இதற்கு நேர் எதிரானது. அதே மரபில் சியன்னா நகரத்துக் கத்தரீன் உணவை ஏறக்குறைய முழுவதும் விலக்கி, ஆன்மிக வழிகாட்டிகள் உண்ணுமாறு பணித்தபோதும் உண்ண இயலாதவராகி, 1380இல் தம் 33ஆம் வயதில் இறந்தார். அவரையும் அவர் போன்ற பெண்களையும் பற்றி ஆராய்ந்த ருடால்ப் பெல் 1985இல் வெளியிட்ட நூலில் அந்நிலையை இக்காலத்துப் பசியின்மை நோயோடு ஒப்பிட்டார்; கரோலின் வாக்கர் பைனம் 1987இல் அவ்வொப்பீட்டில் நிறைவுறாமல், உணவு அப்பெண்களுக்கு இறைவனோடு உறவாடும் மொழியாக இருந்ததை வலியுறுத்தினார். இவ்விரு கருத்துகளுள் எதை ஏற்பினும், தொடங்கியவரின் விருப்பத்தை மீறிப் பட்டினி தானே ஆட்சி செய்யத் தொடங்கும் ஒரு கட்டம் உண்டு என்பது தெளிவு.

இவ்வளவும் கூறுவதால் உடற்பருமன் பொருட்படுத்தத் தகாதது என்று ஆகாது. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் இதனோடு பிணைந்தவை. மிகக் குறைந்த உணவு மருத்துவத்தில் பயன்படுவதும் உண்மையே. பிரிட்டனில் நடந்து 2017 இறுதியில் வெளியான ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கிலோகலோரி கொண்ட முழுமையான சத்துணவை மூன்று முதல் ஐந்து மாதங்கள் உண்டு, பின் பல வாரங்களில் படிப்படியாக வழக்கமான உணவுக்குத் திரும்பியவர்களில் 46 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் மருந்தின்றியே சர்க்கரை நோயிலிருந்து விடுபட்டிருந்தனர். ஆனால் அங்கு மருந்துகளை மாற்றியமைக்கவும் உடலைக் கண்காணிக்கவும் மருத்துவக் குழு உடனிருந்தது; நோன்புக்குக் குரு எத்தகையவரோ இம்முறைக்கு மருத்துவர் அத்தகையவர். தனியாக முயல்வோர்க்கு, ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே பாதுகாப்பானது என்றும், எடைக்குறைப்பு உணவு நாளொன்றுக்கு 1,000 கிலோகலோரிக்குக் கீழே போகலாகாது என்றும் கூறுகிறது. மேலும், எடையை வேகமாக இழந்தோரிடம் பசியைத் தூண்டும் கிரெலின் மிகுந்தும் நிறைவை உணர்த்தும் லெப்டின் குறைந்தும் ஓராண்டுக்குப் பின்னும் நீடித்ததை 2011இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இழந்த எடை திரும்புவதை மன உறுதியின் தோல்வியாகக் கருதித் தம்மையே இகழ்ந்துகொள்வோர் இதை அறிய வேண்டும்.

எஞ்சி நிற்பது, உடல் யாருடையது என்னும் வினா. உடல் தன் உடைமை, அதைத் தான் விரும்பியவாறு நடத்தலாம் என்பது ஒரு கட்சி. அது தன்னிடம் ஒப்படைக்கப்பட்டது, ஆகவே அதன் மீது கடமை உண்டு என்பது மற்றொரு கட்சி. உடலை முன்பு இழிவென்று எண்ணியிருந்து, பின்னர் அதனுள் இறைவன் கோயில் கொண்டிருப்பதை அறிந்து அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் கூறுவது இரண்டாம் கட்சியின் தமிழ் வடிவம். திருவள்ளுவரோ இறைவனை இடையில் கொணராமலே அதே முடிவுக்கு வருகிறார்: மருந்து என்னும் அதிகாரத்தின் முதற்குறளில் மிகையையும் குறையையும் நோய்க்குக் காரணமாக ஒரே தட்டில் வைக்கிறார், பரிமேலழகர் அதற்கு உணவையும் செயலையும் சேர்த்தே பொருள் காண்கிறார். ஈகை அதிகாரத்தில், பசியைப் பொறுக்கும் தவத்தோரின் ஆற்றலைப் பிறர் பசியைத் தீர்ப்போரின் ஆற்றலுக்குப் பின்னால் நிறுத்துகிறார். பசி தாங்குவதற்கு மதிப்புண்டு, அது தலையாய மதிப்பன்று என்பதே அவ்வரிசையின் பொருள்.

எனவே ஒரு பட்டினியை மதிப்பிட அதன் கடுமையை அளப்பது பயன்தராது. அதற்கு எல்லை உண்டா, அதை நிறுத்தச் சொல்லும் உரிமையுடைய ஒருவர் உடனிருக்கிறாரா, முடிந்தபின் உண்ணும் உணவு நன்றியோடு உண்ணப்படுமா அல்லது குற்றவுணர்வோடா என்று கேட்பதே முறை. கிராஷ் டயட் இம்மூன்றிலும் தவறுவதற்குக் காரணம், அது உணவை விடுகிறதே தவிரப் பலனின் மீதுள்ள பற்றை விடுவதில்லை. பசேனதி துறந்ததோ அந்த அவசரத்தை; ஒவ்வொரு வேளையும் உண்டுகொண்டே ஒரு பிடி குறைப்பது, ஏழு நாள் உண்ணாதிருப்பதைக் காட்டிலும் கடினமான கட்டுப்பாடு, ஏனெனில் பாராட்டத்தக்க எதுவும் வெளியே தெரியாத நிலையில் அது ஆண்டுக்கணக்கில் நீள வேண்டியிருக்கிறது.